பூ அன்று, புற்று: குழந்தைக் கண்ணோய் ஒன்றன் வரலாறு

'கண்ணில் பூ விழுந்தது' என்பது தமிழில் நெடுங்காலமாக வழங்கிவரும் தொடர். கருவிழியில் வெள்ளையாக ஏதேனும் தோன்றினால் அதனைப் பூ என்று சொல்வது வழக்கம். முதுமையில் கண்மணிக்குள் வெண்மை படர்வதைப் புரை என்றும், இரு விழிகளும் ஒரு திசையில் சேர்ந்து நோக்காமையை மாறுகண் என்றும், விழி சிவந்து நீர் வடிவதைக் கண்வலி என்றும் மக்கள் பெயரிட்டனர். சித்த மருத்துவ நூல்கள் கண்ணோய்களை 96 என வகுத்துரைக்கும். நாகமுனிவர் பெயரால் 'நயனவிதி' என்னும் தனி நூலே வழங்குகிறது. கண்ணை உற்று நோக்கி, கண்டதற்குப் பெயரிட்ட மரபு தமிழர்க்கு உண்டு என்பதற்கு இவை சான்றாகும்.

ஆயினும் ஒரு நோய் இப்பெயர்களுக்குள் மறைந்து நின்று வந்திருக்கிறது. குழந்தையின் விழித்திரையில் தோன்றும் புற்றுநோயே அது. மருத்துவர்கள் அதனை ரெட்டினோபிளாஸ்டோமா என்பர். ஒரு குழந்தையிடம் அது பூவைப்போல் தோன்றும். மற்றொரு குழந்தையிடம் மாறுகண்ணாகத் தோன்றும். வேறொரு குழந்தையிடம் சாதாரணக் கண்வலிபோல் சிவந்து நிற்கும். உரிய காலத்தில் அறிந்தால் பெரும்பாலும் குணப்படுத்தத்தக்க நோய் இது. சிறு நோய் என்று எண்ணிக் காலம் கடத்தினால் முதலில் கண்ணையும், பிறகு உயிரையும் கொள்ளும். இந்நோயின் வரலாற்றில் மருந்தைக் காட்டிலும் பார்வைக்கே முதலிடம் உண்டு. யார் பார்த்தார்கள், என்ன பெயரிட்டார்கள், பெயரிட்டபின் மேலும் பார்த்தார்களா என்பவையே அதில் ஒவ்வொரு காலத்திலும் எழுந்த வினாக்கள்.

சாளரமும் திரையும்

கண்மணி என்று நாம் கூறும் கருவட்டம் உண்மையில் ஒரு சாளரம். அதன் வழியே நுழையும் ஒளி, கண்ணின் பின்சுவரில் பரந்துள்ள விழித்திரையில் விழுகிறது. உள்ளே இருள் நிறைந்திருப்பதால் சாளரம் கறுப்பாகத் தெரிகிறது. கருவில் விழித்திரை உருவாகும்போது பெருகும் இளஞ்செல்கள் சில, பெருக்கத்தை நிறுத்த வேண்டிய காலத்தில் நிறுத்தாமல் தொடர்ந்தால் அங்கே கட்டி தோன்றுகிறது. ஆகையால் இது பெரும்பாலும் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளையே பற்றும் நோய். ஏறக்குறைய 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை என்ற அளவில் உலகெங்கும் இது காணப்படுகிறது. இனம், நாடு, செல்வம் என்ற வேறுபாடு இதற்கு இல்லை.

கட்டி வெண்ணிறமானது, சுண்ணாம்புச் சத்துப் படிந்து மேலும் வெளுத்துத் தோன்றும். அது வளர்ந்து ஒளியைத் திருப்பி அனுப்பும்போது, கறுப்பாக இருக்கவேண்டிய கண்மணி வெள்ளையாக மின்னுகிறது. விழித்திரையின் நடுவிடத்தைக் கட்டி கெடுத்துவிட்டால், அந்தக் கண் பொருளை நேராக நோக்கும் ஆற்றலை இழந்து ஒரு பக்கம் சாய்கிறது, மாறுகண் உண்டாகிறது. கண்ணுக்குள் அழுத்தம் மிகும்போது சிவப்பும் வலியும் வீக்கமும் வருகின்றன. எனவே பூ, மாறுகண், கண்வலி என்று மூன்று பெயர் பெறும் இம்மூன்றும் ஒரே கட்டியின் மூன்று முகங்களாதல் கூடும்.

குழந்தையோ எதையும் சொல்வதில்லை. ஒரு கண் பார்வை இழந்தாலும் மற்றொரு கண்ணால் அது ஓடும், விளையாடும், பொருளை எடுக்கும். இரு கண்ணால் பார்ப்பது எத்தகையது என்று அறியாத குழந்தைக்கு ஒரு கண் போனதும் தெரியாது. ஆகவே இந்நோயைப் பிறர்தாம் காணவேண்டும்.

பூனைக்கண்

ஐரோப்பிய மருத்துவம் இந்நோயைப் பிரித்தறியத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலாகும். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் அறுவை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் வார்ட்ராப் 1809-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அக்காலத்தில் உடலின் பல இடங்களில் தோன்றும் மெத்தென்ற, குருதி கசியும் கட்டிகள் யாவும் ஒரே பெயரில் அடக்கப்பட்டிருந்தன. வார்ட்ராப் இறந்த குழந்தைகளின் கண்களை அறுத்து ஆராய்ந்து, கண்ணில் எழும் கட்டி விழித்திரையில் தோன்றுகிறது என்றும், பார்வை நரம்பின் வழியே மூளைக்குச் செல்கிறது என்றும் காட்டினார். நோய் கண்ணுக்குள் அடங்கியிருக்கும்போதே கண்ணை எடுத்துவிட்டால் குழந்தை பிழைக்கும் என்பது அவர் முடிவு. அறுவைக்கு மயக்க மருந்து வழக்கிற்கு வந்தது 1846-இல். அதற்கு முன்னர், விழித்திருக்கும் குழந்தையின் கண்ணை அகற்று என்று கூற ஒரு மருத்துவருக்கு எத்துணை உறுதி வேண்டியிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

வார்ட்ராப்பின் நூல் வெளிவந்து எட்டு ஆண்டுகள் சென்றபின், 1817-இல், வியன்னா நகரத்துக் கண் மருத்துவர் ஜோசப் பேர், பார்வை இழந்த சில கண்களின் ஆழத்திலிருந்து ஓர் ஒளி மின்னுவதைக் கண்டு, அதற்குப் 'பார்வையற்ற பூனைக்கண்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். இருளில் பூனையின் கண் மின்னுவதை ஒப்பிட்ட பெயர் இது. தமிழிலும் பூனைக்கண் என்ற சொல் உண்டு. ஆனால் அது விழியின் இளநிறத்தைக் குறிக்கும். மலாய் மொழியில் 'மாத்தா கூச்சிங்' என்றால் பூனைக்கண் என்றே பொருள். கோலாலம்பூர்க் கடைத்தெருவில் அது ஒரு பழத்தின் பெயராகவும், அப்பழத்தை இட்டுக் காய்ச்சிய பானத்தின் பெயராகவும் வழங்குகிறது. வியன்னா மருத்துவருக்குத் தோன்றிய ஒப்புமை பல நாட்டுத் தாய்மார்க்கும் தோன்றக்கூடியதே. அதனைக் காணப் பட்டம் வேண்டுவதில்லை.

ஈண்டு பூவுக்கும் பூனைக்கண்ணுக்கும் உள்ள வேறுபாடு கருதத்தக்கது. பூ என்பது கண்ணின் முன்புறத்தில், கருவிழியின் மேல் படியும் வெண்மை. பகலிலும் இரவிலும் ஒரே இடத்தில் நிற்கும். பூனைக்கண்ணின் வெண்மை கண்மணிக்கு உள்ளிருந்து வருவது. ஒரு கோணத்தில் தெரியும், மறு கோணத்தில் மறையும். சொல்லளவில் சிறியதாகத் தோன்றும் இவ்வேறுபாட்டில் ஓர் உயிர் அடங்கியிருக்கிறது.

கருவி வந்தும் தீராத ஐயம்

1851-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், உயிருள்ள மனிதனின் கண்ணுக்குள் ஒளி செலுத்தி விழித்திரையைக் காணும் கருவியை உலகிற்கு அறிவித்தார். அதன்பின் கட்டியை அது சிறிதாக இருக்கும்போதே காண வழி பிறந்தது. 1864-இல் விர்ச்சோ, நரம்புகளைத் தாங்கி நிற்கும் திசுவிலிருந்து கட்டி எழுவதாகக் கருதி, அதற்கு கிளையோமா என்று பெயரிட்டார். 1891-இல் பிளெக்ஸ்னரும் 1897-இல் விண்டர்ஸ்டைனரும் நுண்ணோக்கியில் கட்டியின் செல்கள் மலர்வடிவில் வட்டமாக அமைந்திருப்பதைக் கண்டு, விழித்திரையின் செல்களோடு அவற்றுக்குள்ள உறவைச் சுட்டினர். வெர்ஹோவ் என்ற அமெரிக்க மருத்துவரின் கருத்தைத் தழுவி, 1926-இல் அமெரிக்கக் கண் மருத்துவர் சங்கம் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற பெயரை ஏற்றது. விழித்திரையின் இளஞ்செல்லில் பிறந்த கட்டி என்பது அதன் பொருள்.

பெயர் திருந்தியதோடு ஐயம் தீர்ந்துவிடவில்லை. உடலின் பிற புற்றுநோய்களில் கட்டியின் சிறு துண்டை எடுத்து ஆராய்ந்து முடிவு கூறலாம். இந்நோயிலோ கண்ணுக்குள் ஊசி செலுத்தினால் செல்கள் வெளியே கசிந்து பரவும் இடர் உண்டு. எனவே பார்த்தே முடிவு செய்யவேண்டிய புற்றுநோய் இது. மருத்துவர்க்கும் இது கடினமே.

பிழை இரு திசையிலும் நேர்ந்தது. 1908-இல் ஜார்ஜ் கோட்ஸ் என்பவர், விழித்திரைக் குருதிக்குழாய்கள் கசிவதால் உண்டாகும் வேறொரு நோயை விளக்கினார். அதிலும் சிறுவர் கண்ணில் வெண்மை தோன்றும்; ஆனால் அது புற்று அன்று. 1942-இல் டெர்ரி, குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் கண்ணில் காணப்படும் வெண்திரையை விவரித்தார். 1950-இல் ஹெலனார் வைல்டர் என்ற பெண்மணி, வாஷிங்டனில் சேமித்து வைக்கப்பட்டிருந்த, புற்றுநோய்போல் தோன்றியும் புற்றுநோய் இல்லாத 46 கண்களை மீண்டும் ஆராய்ந்தார். அவற்றுள் 24-இல் மிகச் சிறு புழுக்களின் தடயம் இருந்தது. நாயின் குடலில் வாழும் புழுவின் இளம்பருவமே அது எனப் பின்னர் அறியப்பட்டது. அந்தக் குழந்தைகளுள் பலர் புற்று என்ற அச்சத்தால் கண்ணை இழந்தவர்கள்.

இவ்வாறு பெருநோயைச் சிறுநோய் என்றும், சிறுநோயைப் பெருநோய் என்றும் எண்ணிய பிழைகள் இரண்டும் நிகழ்ந்தன. ஆயினும் இரண்டும் ஒரே எடை உடையவை அல்ல. பின்னதால் ஒரு கண் போயிற்று. முன்னதால் உயிர் போயிற்று. இதனாலேயே, குழந்தையின் கண்மணியில் வெண்மை தோன்றினால் புற்று இல்லை என்று உறுதியாகும்வரை அதனைப் புற்றாகவே கருதி ஆராயவேண்டும் என்பது கண் மருத்துவத்தில் விதியாக நிலைத்தது.

தோட்டத்து மாலை வெளிச்சம்

மலாயாவில் தமிழர் பெருந்தொகையாக வந்து குடியேறிய காலத்தில், இவ்விதி தோட்டத்து லயத்தை எட்டுவது எளிதாக இருக்கவில்லை. அந்நாட்டின் பொது மருத்துவம் பெருங்கூட்டமாக மக்களைக் கொன்ற நோய்களை எதிர்த்தே வளர்ந்தது. 1901-இல் கிள்ளானில் மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நீரை வடியச் செய்து, கிள்ளான் நகரையும் இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமையும் மலேரியாவிலிருந்து மீட்டார். அப்பணி பல்லாயிரம் உயிரைக் காத்தது. காய்ச்சல், வயிற்றுக்கடுப்பு, கொக்கிப்புழு ஆகியவற்றோடு போராடிய தோட்ட மருந்தகத்தில், ஓராண்டில் ஒரு முறையும் வராத கண்ணோய் ஒன்று எவர் நினைவிலும் நில்லாமை வியப்பன்று.

மேலும், குழந்தையின் கண்ணில் வெண்மை என்றால் அக்காலத்தில் நினைவுக்கு வரத்தக்க காரணம் வேறு. ஏ வைட்டமின் குறைவால் முதலில் மாலைக்கண்ணும், பிறகு கருவிழி உலர்ந்து வெளுத்துக் கரைதலும் உண்டாயின. கொழுப்பு நீக்கிய இனிப்புப் பாலை டப்பாவிலிருந்து கரைத்து ஊட்டப்பட்ட குழந்தைகளிடம் இது மிகுதி. 1936 முதல் சிங்கப்பூரில் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவ அம்மையார், தாய்ப்பாலுக்கு ஈடாக டப்பாப் பாலை விற்பது கொலைக்கு ஒப்பாகும் என்று 1939-இல் அந்நகரத்து வணிகப் பெருமக்களின் கூட்டத்திலேயே பேசினார். பல குழந்தைகளின் வெண்மைக்குச் சத்துக்குறைவு காரணமாயிருந்த நாட்டில், ஒரு குழந்தையின் வெண்மைக்குப் புற்று காரணம் என்று கருத எவருக்குத் தோன்றும்? பெருவாரியான நோய் அரிய நோயை மறைத்துவிடும்.

இன்னொரு காரணம் ஒளியைச் சார்ந்தது. வெளிச்சம் மிகுந்தால் கண்மணி சுருங்கும், மங்கினால் விரியும். விரிந்த கண்மணி வழியேதான் உள்ளிருக்கும் வெண்மை நன்கு தெரியும். விடியுமுன் பால்வெட்டுக்குச் செல்லும் தாய், குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்வாள். அவள் குழந்தையின் முகத்தை ஆறுதலாக நோக்குவது மாலையில், விளக்கு வெளிச்சத்தில், மடியில் கிடத்திச் சோறூட்டும்போது. மறுநாள் காலை மருந்தகத்தின் முற்றத்தில், பளிச்சென்ற வெயிலில் அதே குழந்தையின் கண்ணைப் பார்க்கும் டிரஸருக்குக் கண்மணி கறுப்பாகவே தெரியும். அவர் பொய் சொல்லவில்லை. தாயும் பொய் சொல்லவில்லை. இருவரும் பார்த்த வெளிச்சம் வேறு. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தும், உள்நோக்கும் கருவியும் இல்லாத இடத்தில் தாயின் கூற்றே சிறந்த சான்று. ஆனால் டிரஸரின் சொல்லுக்கே மதிப்பு மிகுதி. 'ஒன்றுமில்லை' என்ற ஒரு சொல்லோடு பல மாதங்கள் கழிந்துவிடக்கூடும்.

வீட்டு வைத்தியமும் காலத்தை உண்டது. கண்ணில் தாய்ப்பால் விடுவதும், நந்தியாவட்டைப் பூவை ஒற்றுவதும் பழைய வழக்கங்கள். மாறுகண் அதிர்ஷ்டம் என்ற நம்பிக்கையும், வளர்ந்தால் சரியாகிவிடும் என்ற ஆறுதலும் இவற்றோடு சேர்ந்துகொண்டன. இவற்றில் தீய எண்ணம் ஏதும் இல்லை. நோய்க்குச் சிறிய பெயர் கிடைத்தவுடன் மனம் அமைதி அடைந்து, மேலும் பார்ப்பதை விட்டுவிடுகிறது, அதுவே கேடு.

பிரிக்பீல்ட்ஸ் கூறும் விடை

நோய் இன்னதெனத் தெரிந்தபின்னும் ஒரு தடை உண்டு. கட்டி பெரிதாகிவிட்ட கண்ணை எடுத்தாக வேண்டும் என்று மருத்துவர் கூறும்போது பெற்றோர் நடுங்குகின்றனர். கண்ணில்லாத பிள்ளை எப்படி வாழும் என்று அஞ்சி, குழந்தையை வீட்டுக்கு எடுத்துச் சென்று வேறு வைத்தியம் தேடுவோர் பல நாடுகளிலும் உண்டு, மலேசியாவிலும் உண்டு. திரும்பி வரும்போது நோய் எல்லை கடந்திருக்கும்.

இவ்வச்சத்திற்குக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரமே விடை கூறுகிறது. செங்கல் சூளைகளால் பெயர் பெற்று, இரயில்வேத் தொழிலாளரான தமிழரால் நிறைந்த அவ்விடத்தில், 1951-இல் தோன்றிய பார்வையற்றோர் சங்கம் நிலைகொண்டது. அதே ஆண்டில் கொலையுண்ட உயர் ஆணையர் குர்னியின் பெயரால் அங்கே தொழிற்பயிற்சி நிலையமும் எழுந்தது. அதற்கு முன்பே 1926-இல் மலாக்காவில் தொடங்கிப் பின்னர்ப் பினாங்குக்கு மாறிய புனித நிக்கலஸ் இல்லமும், 1948-இல் ஜோகூர் பாருவில் அமைந்த இளவரசி எலிசபெத் பள்ளியும் பார்வையற்ற சிறுவர்க்குக் கல்வி அளித்து வந்தன. பிரிக்பீல்ட்ஸ் வீதிகளில் வெள்ளைக்கோல் ஊன்றி வேலைக்குச் செல்வோர் பலர். இரு கண்ணும் இழந்தோர் உழைத்து, குடும்பம் நடத்தி, தலைநிமிர்ந்து வாழ்வதை அவ்வூரார் நாள்தோறும் காண்கின்றனர். ஒரு கண்ணை இழந்து மறு கண்ணால் காணும் பிள்ளை செயற்கை விழி பொருத்திக்கொண்டு பள்ளி செல்லவும் தொழில் புரியவும் தடை யாது? கண்ணைக் காக்க முயன்று பிள்ளையை இழப்பதே மீட்கமுடியாத இழப்பு.

கண்ணை எடுக்காமலே குணப்படுத்தும் முயற்சியும் தொடர்ந்து நடந்தது. 1903-இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஹில்கார்ட்னர் எக்ஸ் கதிரைக் கொண்டு மருத்துவம் செய்தார். லண்டனில் ஸ்டல்லார்ட், கதிரியக்கம் வாய்ந்த சிறு தகட்டைக் கண்ணின் வெளிச்சுவரில் தைத்துக் கட்டியைக் கருக்கினார். 1924-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் ஓட்டத்தில் பதக்கம் பெற்ற வீரரும் அவரே. 1990-களுக்குப் பின் மருந்து, லேசர் ஒளி, உறைகுளிர் ஆகியவற்றால் பல கண்கள் காக்கப்படுகின்றன. ஆயின் இவை யாவும் கட்டி சிறிதாயிருக்கும்போதே சிறக்கப் பயன்படும். செல்வ நாடுகளில் நூற்றுக்கு 95-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிழைக்கின்றனர். ஏழை நாடுகளில் அவ்வெண்ணிக்கை மிகக் குறைவு. குழந்தை மருத்துவரிடம் வந்துசேரும் காலமே இவ்வேறுபாட்டிற்குத் தலையாய காரணங்களுள் ஒன்று.

குடிவழியில் வரும் நோய்

1872-இல் பிரேசில் நாட்டு மருத்துவர் இலாரியோ டி கோவேயா ஒரு சிறுவனின் கண்ணை இந்நோய்க்காக எடுத்தார். சிறுவன் பிழைத்தான், வளர்ந்து மணந்தான், அவனுக்குப் பிறந்த ஏழு பிள்ளைகளுள் இரு பெண்களுக்கு இரு கண்ணிலும் அதே நோய் தோன்றியது. நோய் குடிவழியில் வரக்கூடும் என்பதற்கு இது முற்பட்ட சான்றாயிற்று. 1971-இல் ஆல்பிரட் நட்சன், 48 குழந்தைகளின் விவரங்களைக் கணக்கிட்டு, ஒரு செல் புற்றாக மாற இரண்டு மாறுதல்கள் வேண்டும் என்றும், குடிவழி நோயில் முதல் மாறுதல் பிறப்பிலேயே அமைந்துவிடுகிறது என்றும் விளக்கினார். 1986-இல் அதற்குரிய மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. புற்றுநோய் முழுவதையும் பற்றிய அறிவுக்கே இச்சிறு குழந்தைகளின் நோய் வாயிலாக அமைந்தது.

நோயுற்றோருள் நூற்றுக்கு 40 பேர் அளவில் இக்குடிவழி வகையைச் சார்ந்தவர்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு அம்மாறுதல் செல்லும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. ஆகவே ஒரு குழந்தைக்கு நோய் கண்டால் உடன்பிறந்தோர் கண்களையும் சோதிப்பது இன்றியமையாதது. இதனைக் குலக்குற்றம், சாபம் என்று மறைக்கும் குடும்பத்தில், அடுத்த குழந்தையின் நோயும் காலந்தாழ்ந்தே வெளிப்படும்.

பள்ளியும் தமிழும் செய்யத்தக்கது

இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் வசதிகள் பெருகியுள்ளன. கோலாலம்பூர் மருத்துவமனையும், 1960-களில் எழுந்த மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையும், பெட்டாலிங் ஜெயாவில் பார்வையற்றோர் சங்கத்தின் முயற்சியால் தோன்றிய துன் உசேன் ஓன் தேசியக் கண் மருத்துவமனையும் அருகருகே உள்ளன. தேசியக் கண்ணோய்த் தரவில் இந்நோய்க்கென ஒரு தனிப் பதிவேடும் பேணப்படுகிறது. மருத்துவமனை அருகில் இருந்தும் குழந்தை தாமதமாக வருமானால், தடை சாலையில் இல்லை, பெயரில் இருக்கிறது.

கைப்பேசியில் எடுக்கும் புகைப்படமும் ஒரு சோதனைக் கருவி ஆகியிருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் மின்னொளியோடு எடுத்த படத்தில் குழந்தையின் கண்மணி இரண்டும் சிவப்பாகத் தெரிவது இயல்பு. ஒன்று சிவப்பாகவும் மற்றொன்று வெள்ளை அல்லது மஞ்சளாகவும் தெரிந்தால், மீண்டும் மீண்டும் அவ்வாறே தெரிந்தால், கண் மருத்துவரிடம் காட்டவேண்டும். எல்லா வெண்மையும் புற்று அன்று. படம் எடுத்த கோணத்தாலும் வெண்மை தோன்றும். மாறுகண் உள்ள குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர்க்கு இந்நோய் இல்லை. ஆயினும் கண்மணியை விரித்துப் பார்த்தாலன்றி இல்லை என்று கூற இயலாது. அச்சோதனை வலியற்றது.

இந்நோய் பள்ளிக்கு வரும் வயதிற்கு முன்பே தோன்றுவது. எனினும் ஆசிரியர் பங்கு சிறிதன்று. பாலர் பள்ளியிலும் முதல் வகுப்பிலும் பிள்ளையை அழைத்துவரும் தாயின் இடுப்பில் தம்பியோ தங்கையோ இருக்கும். 'பூ விழுந்திருக்கிறது', 'சற்று மாறுகண்' என்று அத்தாய் சொல்லும்போது, அதை ஆசிரியர் கேட்டுவிட்டு விடலாகாது. வெண்மை கண்ணின் மேலே இருக்கிறதா, கண்மணிக்கு உள்ளே இருக்கிறதா? மாலை வெளிச்சத்தில் மின்னுகிறதா? கண்ணுக்குள் விளக்கிட்டுப் பார்த்த மருத்துவர் யார்? இம்மூன்று வினாக்களையும் வீட்டில் பேசும் தமிழிலேயே கேட்கலாம். டிரஸர் காலத்தில் தாயின் சொல்லுக்குக் கிடைக்காத மதிப்பு அவ்வினாக்களால் கிடைக்கும். குழந்தை அந்த வாரமே கோலாலம்பூருக்கோ கிள்ளானுக்கோ கண் மருத்துவரைத் தேடிச் செல்லும்.